யாரை நோக்கிய பாட்டு? – கனம் கிருஷ்ணையரின் ‘வேலவரே’ பதமும் அதனைப் பாடிய குரல்களும்

பைரவி இராகத்தில் அமைந்த ‘வேலவரே’ என்னும் தமிழ்ப் பதம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்பட்டு வருகிறது. தலைவனைத் தேடி வாடும் ஒரு மங்கையின் நிலையைப் பிறிதொரு குரல் அத்தலைவனிடமே எடுத்துரைப்பதாக அமைந்த காதற் பாட்டு அது. அதனை இயற்றியவர் கனம் கிருஷ்ணையர் (1790–1854). ஜமீன் அரண்மனையும் ஆடல் மகளிர் இல்லமும் சபா மேடையும் இசைத்தட்டும் நாட்டிய அரங்கும் கைப்பேசித் திரையும் இத்தகைய பதங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரே பாட்டைப் பலர் பாடும்போது அதன் விளம்பக் காலம் சிதைந்ததா, சங்கதிகள் மிகுந்தனவா என்று இசை விமரிசகர்கள் ஆராய்வது வழக்கம். அவ்வாராய்ச்சி வேண்டுவதே. ஆயினும் நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா வேறு. பாடுகிறவர் மாறும்போது அப்பாட்டு யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் மாறுகிறதா? மாறுமாயின், அந்த மாற்றத்தைச் செய்ய உரிமையுடையவர் யார்?

கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் பகுதியைச் சார்ந்த பெரிய திருக்குன்றத்திற் பிறந்தவர். அன்றைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் இந்தப் பகுதி 1995இல் பெரம்பலூர் மாவட்டமாயிற்று. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைந்து, 2007இல் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானது. நம் இசை வரலாறு பெரும்பாலும் காவிரிக் கரையிலேயே நின்று எழுதப்பட்டது. கொள்ளிடத்திற்கு வடக்கே, சுண்ணாம்புப் பாறையும் புன்செய்யுமாய்க் கிடக்கும் இந்நிலத்திற்கு அவ்வரலாற்றில் இரண்டொரு வரிகளே கிடைக்கும். கிருஷ்ணையரைப் பற்றி நாம் இன்று இவ்வளவேனும் அறிவதற்குக் காரணம் டாக்டர் உ.வே. சாமிநாதையர். அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர் கிருஷ்ணையருக்கு உறவினர். அவரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்ற மாணாக்கர். அத்தந்தையார் அரியலூர், குன்னம், பெரம்பலூர் வட்டாரத்து ஊர்களில் தங்கி இராமகதை சொல்லி வாழ்ந்த கதையை ‘என் சரித்திரம்’ விரிவாகக் கூறுகிறது. (அந்நூலில் ஐயர் ‘அரியிலூர்’ என்றே எழுதுவார், அப்பெயரின் பொருளை மறக்க அவருக்கு மனமில்லை போலும்.) அரண்மனைக்கென்று பிறந்த இசை ஊர்த்திண்ணைக்கு இறங்கிய முதல் வழி இத்தகைய மாணாக்கர்களே. ஆகவே ‘மறுபடி பாடுதல்’ என்பதை இசைத்தட்டுக் காலத்துப் புதுமையாகக் கொள்ளலாகாது.

கிருஷ்ணையரைப் போற்றியவர் உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி யுவரங்கர். ‘காலாட்கள் தோழ உடையார்’ என்பது அக்குடியின் விருதுப் பெயர். காலாட்படைக்குத் தோழர் என்ற பொருள்படும் அவ்விருது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 1765இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் படை ஆங்கிலேயரின் துணையோடு வந்து அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரு பாளையங்களையும் கைப்பற்றியது. நவாபின் பெயரைக் கேட்டவுடன் பெருமிதம் கொள்ளும் நம்மவர் சிலர் இந்நிகழ்ச்சியையும் உடன்வைத்து எண்ணுதல் நலம். பின்னர்க் கம்பெனியாரின் ஆட்சி வந்தது. 1817இல் பாளையக்காரர் வெறும் ஜமீன்தார் ஆனார். படையில்லை, போரில்லை, பரணி பாடப் பொருளில்லை. போர்க்களத்தில் வெல்ல இயலாத தலைவனைக் காதற்களத்தில் வெல்லச் செய்வதே அக்காலத்துப் புலவர்க்கும் பாடகர்க்கும் எஞ்சிய வழி. பெண்ணொருத்தி உறக்கமின்றி ஏங்குகிறாள். அவள் ஏங்குவது யுவரங்க பூபதியை எண்ணி. ஆட்சி சுருங்கச் சுருங்கச் சிருங்காரம் பெருகியது என்றால் மிகையன்று. தஞ்சை மராத்தியர் அவையிலும் இதுவே நிகழ்ந்தது.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கண நூலார் வகுத்த ஒரு வேறுபாடு பெரிதும் துணைசெய்யும். கோவை நூல்களில் பாட்டுடைத் தலைவன் வேறு, கிளவித் தலைவன் வேறு. பாட்டுடைத் தலைவன் பெயரும் ஊரும் புகழும் உடையவன். புலவன் பாடிச் சிறப்பிக்கும் வள்ளல். கிளவித் தலைவனோ பெயரற்றவன், காதலிப்பவன் அவனே. வள்ளலின் மலையில், வள்ளலின் துறையில், யாரோ ஒருவன் யாரோ ஒருத்தியைக் கண்டு காதலிக்கிறான். வள்ளலுக்குப் புகழ் உண்டு. காதல் நாடகத்தில் அவனுக்கு இடமில்லை. அகத்திணையில் தலைவன் தலைவியர் இயற்பெயர் கூறப்பெறார் என்ற தொல்காப்பிய மரபைக் காத்துக்கொண்டே புரவலனையும் மகிழ்விக்கக் கண்ட நுட்பமான ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டோடு தமிழ் முஸ்லிம்களுக்குள்ள தொடர்பு மிகப் பழையது. இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகப் பலரும் கொள்ளும் பல்சந்தமாலை, களவியற்காரிகை உரையில் மேற்கோளாக வந்த எட்டுச் செய்யுள்களாகவே நமக்கு எஞ்சியுள்ளது. களவியற்காரிகை காதல் ஒழுக்கத்திற்கு இலக்கணம் கூறும் நூல். அதாவது, நம் இலக்கியத்தின் முதற் சான்று அகப்பாட்டாகவே நம் கைக்கு வந்திருக்கிறது. வகுதாபுரித் தலைவன் அங்கே பாட்டுடைத் தலைவனாக நிற்கிறான்; காதலர் பெயரின்றி நடமாடுகின்றனர். நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இச்செய்யுள்களில் ‘அல்லா’ என்னும் சொல் பயில்வதையே பெரிதும் எடுத்துக்காட்டினர். அவை எத்தகைய பாட்டுகள் என்பதைப் பற்றி அவர்கள் பேசியது குறைவு.

பதம் என்னும் வடிவம் இவ்வேறுபாட்டை அழித்தது. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யர் தெலுங்கில் வளர்த்தெடுத்த அவ்வடிவில் பாட்டுடைத் தலைவனே காதலனாகவும் ஆகிவிடுகிறான். அவன் கோயிலில் உறையும் தெய்வமாக இருக்கலாம். அரண்மனையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மன்னனாகவும் இருக்கலாம். கிருஷ்ணையர் இரு வகையும் பாடினார். யுவரங்கர்மீது பாடிய பதங்கள் உண்டு. முருகன்மீதும் சிவபிரான்மீதும் பாடியன உண்டு. பாடிய காலத்தில் முன்னவற்றுக்கே மதிப்பு மிகுதி, பரிசும் மிகுதி. இன்றோ நிலை தலைகீழ். மேடையில் அவர் பெயரால் ஒலிப்பவற்றுள் ‘வேலவரே’ முன்னிற்கிறது. அடாணா இராகத்துத் திருவொற்றியூர்ப் பதமும் பலர் அறிந்தது. யுவரங்கர் பதங்களைத் தேடுவோர் 1936இல் சாமிநாதையர் வெளியிட்ட ‘கனம் கிருஷ்ணையர்’ நூலைத்தான் புரட்டவேண்டும். இசையில் குறைவுண்டு என்பதனால் அவை மறைந்தன அல்ல. பாட்டினுள் தலைவனுக்குரிய இருக்கையில் ஒரு மனிதர் பெயரோடு அமர்ந்துவிட்டார். அவர் மறைந்தபின் அவ்விருக்கையில் வேறெவரும் அமர இயலவில்லை. வேலவரின் இருக்கையோ யாவர் வந்து கேட்பினும் வெறுமையாகிவிடுவதில்லை.

‘வேலவரே’ பதத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. அதிற் பேசுபவள் காதல் கொண்டவள் அல்லள். அவளைக் கண்டு, அவள்பொருட்டுத் தலைவனிடம் வந்து நிற்பவளின் மொழி அது. பாடுகிறவர் தாமே உருகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறர் துயரை அறிவிக்கும் தோழியின் பதற்றமும் நயமும் சிறிது கண்டிப்பும் குரலில் வந்தாற் போதும். பைரவியின் ஏறுவரிசையில் வரும் தைவதம் ஒன்று, இறங்குவரிசையில் வரும் தைவதம் மற்றொன்று. அவ்விரண்டிற்கும் இடையே குரல் வழுக்கிச் செல்லும்போது, கெஞ்சுவதா கடிந்துகொள்வதா என்று தெரியாத ஒரு மனநிலை தானே உருவாகிறது. ஆண் பாடினும் பெண் பாடினும் இப்பதம் பொருந்துவதற்கு இத்தூது நிலையே காரணம் என்று நாம் கருதுகிறோம். நாயகியே நேரிற் பேசும் பதங்களை ஆடவர் பாடும்போது எழும் சிறு கூச்சம் இங்கு எழுவதில்லை.

இத்தகைய பதங்களை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெண்கள். குறிப்பாக வீணை தனம்மாள் (1867–1938) இல்லத்தினர். அவ்வில்லம் தேவதாசி மரபினது. தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் பதங்களைப் பாட்டில் காத்தனர்; மற்றொரு பேத்தியான பாலசரசுவதி ஆட்டத்தில் காத்தார். அவர்தம் பாணியின் முதல் இலக்கணம் அவசரமின்மை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே கேட்பவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்த இடைவெளியிலேதான் பொருள் விளைகிறது. பக்கத்திற்கு மூன்று நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டு இவ்வடிவத்திற்குச் செய்த தீங்கு சிறிதன்று. பதத்தின் சரணங்கள் உதிர்ந்தன. பல்லவியும் அனுபல்லவியும் ஒரு சரணமுமாகப் பதம் குறுகியது. கச்சேரியிலும் இராகம் தானம் பல்லவி முடிந்தபின் ‘துக்கடா’ப் பகுதியில் அதற்கு ஒதுக்கிய நேரம் இதைவிட அதிகமில்லை. தோழி தன் வழக்கை முழுமையாக எடுத்துரைக்குமுன் அவையோர் எழுந்து செருப்புத் தேடத் தொடங்கிவிடுகின்றனர்.

1947ஆம் ஆண்டுச் சட்டம் தேவதாசி முறையைச் சென்னை மாகாணத்தில் ஒழித்தது. அது செய்யவேண்டிய செயலே. ஆயினும் அச்சட்டத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த மற்றொன்றை நாம் மறைத்தல் ஆகாது. அம்மகளிரின் பாட்டும் ஆட்டமும் வேண்டப்பட்டன, அவர்கள் வேண்டப்படவில்லை. புதியவர்கள் மேடையேறியபோது, பழைய பாட்டுக்குப் புதிய விளக்கம் ஒன்று தேவைப்பட்டது. ‘இது ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுவது’ என்று மேடையில் அறிவிக்கும் வழக்கம் வலுப்பட்டது. 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்தினார். பாலசரசுவதி அதனை ஏற்கவில்லை. 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் சிருங்காரமே இக்கலையின் உயிர் என்றும், அதனைத் தூய்மைப்படுத்த எவரும் வரவேண்டியதில்லை என்றும் பொருள்பட அவர் வாதாடினார். இருவருள் யார் பக்கம் நியாயம்?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஸமாஉ, அதாவது பாட்டுக் கேட்டல் பற்றித் தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள். பாட்டின் ஆகுமை பற்றி அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு அறியப்பட்டதே. அதனுள் நாம் புகவில்லை. கஸ்ஸாலி கூறும் ஓர் இலக்கியக் கொள்கையே இங்கு நம் கவனத்திற்குரியது. காதற் செய்யுளைக் கேட்பவன் தன் உள்ளத்தில் எது மேலோங்கியுள்ளதோ அதன்மீதே அச்சொற்களைப் பொருத்திக்கொள்கிறான். கூந்தலின் கருமை ஒருவனுக்கு நிராகரிப்பின் இருளாகவும், கன்னத்தின் ஒளி ஈமானின் ஒளியாகவும், கூடல் இறைச் சந்திப்பாகவும் தோன்றலாம். மற்றொருவனுக்குத் தகாத ஆசையே தோன்றினால் பழி அவனைச் சார்ந்தது, செய்யுளைச் சார்ந்ததன்று. ஷிப்லி (ரஹ்) பற்றி ஸூஃபி நூல்கள் கூறும் நிகழ்ச்சி இதற்கு எல்லை காட்டும். ஒரு காசுக்குப் பத்து ‘கியார்’ என்று கடைவீதியில் வெள்ளரிக்காய் விற்பவன் கூவினான். ‘கியார்’ என்ற அரபுச் சொல்லுக்கு நல்லோர் என்ற பொருளும் உண்டு. நல்லோரே காசுக்குப் பத்து என்றால் தீயோரின் விலை என்னவாகும் என்று ஷிப்லி கதறினார். இங்கே பொருள் மாற்றம் நிகழ்ந்தது கேட்பவர் உள்ளத்தில். வெள்ளரிக்காய் விற்றவன் ஆன்மிக உரை நிகழ்த்தவில்லை.

மேடை அறிவிப்பு இதற்கு நேர்மாறானது. கேட்பவன் தானே அடையவேண்டிய பொருளை, பாட்டுக்கு முன்பே எடுத்து அவன் கையில் திணித்துவிடுகிறது. வேறு பொருளுக்கு வழியையும் அடைத்துவிடுகிறது. இப்னு அரபி (ரஹ்) அவர்களின் ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ இதற்கு ஒரு படிப்பினை. மக்காவில் தாம் கண்ட நிழாம் என்னும் கற்றறிந்த மங்கையை முன்னிட்டுப் பாடிய காதற் பாக்கள் அவை. அலெப்போ நகரத்து மார்க்க அறிஞர் சிலர் ஐயுற்றபோது, தம் பாக்களுக்குத் தாமே மெய்ஞ்ஞான உரை எழுதினார். ஆனால் அவ்வுரையை எழுதியவர் நிழாமின் பெயரை அழித்துவிடவில்லை. அவள் அறிவையும் அழகையும் நூலின் முகப்பிலேயே போற்றி வைத்துள்ளார். இஷ்கே மஜாஸி என்னும் மனிதக் காதல் இஷ்கே ஹகீகிக்குப் பாலமாகும் என்பது ஸூஃபிகள் சொல். பாலத்தைக் கடந்தவன் அதைக் கொளுத்திவிட்டு, இங்கே பாலமே இருந்ததில்லை என்று சாதிப்பதில்லை. ஆகவே நாம் பாலசரசுவதியின் பக்கமே நிற்கிறோம். வேலவரைத் தேடும் மங்கை முதலில் ஒரு மங்கைதான். அவள் ஆன்மாவாகவும் ஆகலாம். அது கேட்பவன் பேறு.

வடநாட்டுக் கவ்வாலி மரபு இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்துக்கொண்டது. அமீர் குஸ்ரோவின் (1253–1325) பெயரால் வழங்கும் ‘சாப் திலக்’ பாட்டில் ஆண் கவிஞர் பெண்ணாகி நின்று பேசுகிறார். நோக்கப்படுபவர் அவர்தம் குரு நிஜாமுத்தீன் அவ்லியா. அது தர்காக்களில் ஒலிக்கிறது. 1978இல் இந்தித் திரைப்படம் ஒன்றில் லதா மங்கேஷ்கரும் ஆஷா போஸ்லேயும் பாடினர். 2014இல் ஆபிதா பர்வீனும் ராஹத் ஃபதே அலீ கானும் ‘கோக் ஸ்டுடியோ’வில் சேர்ந்து பாடினர். கவ்வாலர் மூலப் பாட்டினிடையே வேறு கவிஞரின் ஈரடிகளைத் தொடுத்துச் செல்வர். ‘கிரஹ்’ என்பது அதன் பெயர். கேட்போர் நிலையறிந்து ஓரடியைத் திரும்பத் திரும்பப் பாடுவர். நோக்கப்படுபவர் யார் என்பது அந்த அவையிலேயே, அந்தக் கணத்திலேயே முடிவாகிறது. பதத்தில் புதிய சொல்லைச் சேர்க்க இடமில்லை. ஆகையால் பதம் பாடுகிறவருக்குக் குரலின் சாயல் ஒன்றே கருவி. நம் குணங்குடி மஸ்தான் சாகிபு, கிருஷ்ணையரின் காலத்தவர், இன்னொரு வழி கண்டார். மனோன்மணியைத் தலைவியாக்கித் தாம் தலைவராக நின்றார். நாயக நாயகி பாவத்தின் இருக்கைகளையே அவர் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்.

இதே அளவுகோலை நாம் நம் சொந்த வழக்கத்தின்மீதும் வைத்துப் பார்த்தல் நேர்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இஸ்லாமியக் கீர்த்தனை நூல்களில் பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. பின்னர்த் திரைப்படக் காதற் பாட்டின் மெட்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ் பாடும் வழக்கம் மீலாது மேடைகளிற் பரவியது. இது மறுபாடலின் மறுபக்கம்: மெட்டு நிற்க, சொல் முழுவதும் மாறுகிறது. பழைய மெட்டுகளைக் கையாண்ட கீர்த்தனைப் புலவர்க்கு மெட்டு என்பது சந்தம்போல் பொதுச்சொத்து. கேட்பவர் செவியில் மூலப்பாட்டின் காட்சி எழாது. திரைப்பாட்டின் நிலை அதுவன்று. மெட்டைக் கேட்ட அளவிலேயே நடிகையின் முகமும் பழைய சொற்களும் எழுந்து வருகின்றன; புதிய சொற்கள் அவற்றின்மேல் ஒட்டிய தாளாக நிற்கின்றன. கேட்பவன்மீது பழிபோட்டுவிட்டுப் பாடகர் இங்கே தப்ப இயலாது. அவர் கேட்பவனின் உள்ளத்தை நம்பி அன்று, அவன் நினைவை நம்பியே அம்மெட்டைத் தேர்ந்தார். நாகூர் ஹனீபாவின் பாட்டுகளில் காலங்கடந்து நிற்பவை எவை என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு விளங்கும்.

இன்று ‘வேலவரே’ முதலிய பதங்களை இணையத்தில் தேடினால் பல குரல்கள் கிடைக்கும். பிருந்தாவிடம் பயின்ற அருணா சாய்ராம் போன்றோர் அவ்வில்லத்துப் பாணியை மேடைக்குக் கொண்டுவந்தனர். மின்கிதாரும் தாளக்கருவியும் கூட்டி இரண்டு நிமிடத்தில் முடிப்போரும் உண்டு. பின்னவர்களை நாம் வெறுக்கவில்லை. எனினும் அவர்கள் குரலில் தோழி இல்லை, தலைவனும் இல்லை. பைரவி மட்டுமே இருக்கிறது. பைரவியே போதும் என்பார்க்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. இளம் பாடகர்களிடம் நாம் கேட்க விரும்புவது வேறு. சாமிநாதையர் நூலைத் திறந்து, யுவரங்கர்மீது அமைந்த பதம் ஒன்றை எடுத்து, அவர் பெயரை மாற்றாமல், எல்லாச் சரணங்களோடும் பாடிப் பார்க்கட்டும். யுவரங்கரைத் தெய்வம் என்று அறிவிக்க எவர்க்கும் வாய் வராது. உருவகம் கூறித் தப்பவும் வழியில்லை. காலாளும் களிறும் இழந்த ஒரு ஜமீன்தாரை நோக்கி, ஏட்டில் பெயர் பதியாத ஆடல்மகள் ஒருத்தியின் வாயில் வைக்கப்பட்ட சொற்கள் அவை. அவள் அவற்றை எந்தக் குரலில் பாடியிருப்பாள் என்று அப்போது பாடகர் எண்ணியே ஆகவேண்டும்.